ரெண்டு என்று சொன்னவள்

எங்கள் ஊரில் வெளியாள் வந்து "எத்தனை மாடு வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் யாரும் சரியான எண்ணைச் சொல்ல மாட்டார்கள். எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும், மடி வற்றிவிடும் என்று பயம். பத்து வைத்திருப்பவர் "ஏதோ நாலஞ்சு நிக்குதுங்க" என்பார். நாலு வைத்திருப்பவர் "ஒண்ணு ரெண்டு" என்று இழுப்பார். கேட்கிறவருக்கும் இந்த வழக்கம் தெரியும். மனசுக்குள்ளே இரண்டால் பெருக்கிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். சர்க்காருக்கு அப்படிப் பெருக்கத் தெரியாது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் வீட்டில் ஏழு மாடுகள் இருந்தன. இன்றைக்கு யார் கேட்டாலும் உரக்கச் சொல்வேன். ஏழு. அப்போது எனக்குப் பதினேழு வயது. நைனா, அம்மா, நான் என்று மூன்று பேர். மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. அதில் வேர்க்கடலை விளைந்தால் விளையும், இல்லாவிட்டால் நைனாவின் கோபம் விளையும். சோறு போட்டது மாடுகள்தான். விடிந்ததும் நைனா இரண்டு பித்தளைத் தவலைகளைக் காவடியில் மாட்டிக்கொண்டு திருத்தணிக்கு நடப்பார். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டலுக்குத் தினமும் பால் ஊற்றினார். கிருத்திகை வந்தால் பால்குடம் எடுக்கிறவர்களுக்குத் தனியாகக் கேட்டனுப்புவார்கள். அன்றைக்கு மட்டும் நானும் ஒரு குடம் தூக்கிக்கொண்டு கூடப் போவேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊர் ஊராக மாட்டுக் கணக்கு எடுத்தார்கள். கணக்கு எடுக்க வருவதற்கு முந்தின நாள் எங்கள் கிராம முன்சீப் கையில் கைத்தடியோடு தெருத்தெருவாக நடந்தார். ஊருக்கு வரி வசூலிப்பது, சாவு பிறப்பு எழுதுவது, சர்க்கார் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதைச் சர்க்காருக்கும் கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை. எங்கள் வாசலில் நின்று நைனாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"அரக்கோணத்துல ஏரோப்ளேன் மைதானம் போட்டுகினு இருக்கான் தெரியுமில்ல? அங்க இருக்கிற சிப்பாய்ங்களுக்குக் கறி வேணுமாம். எவன் எவன் வூட்ல எத்தினி மாடுன்னு எழுதிகினு போறது அதுக்குத்தானோ என்னமோ. பாத்துச் சொல்லுங்க. அவ்ளோதான் சொல்லுவேன்."

கண்பட்டுவிடும் என்று ஏற்கனவே பயம். அதன் மேல் கறிக்குப் பிடித்துப் போவான் என்று இவர் ஒரு பயத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஊரே வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் கணக்கெடுக்கிறவன் வந்தபோது நைனா பால் ஊற்றப் போயிருந்தார். அம்மா கொல்லையில் இருந்தாள். மாடுகள் ஏரிப்பக்கம் மேயப் போயிருந்தன. வாசலில் நான் நின்றேன். அவன் பெரிய ரிஜிஸ்தரை விரித்துக்கொண்டு, "ஆவுலு என்னி?" என்று தெலுங்கில் மாட்டுக் கணக்குக் கேட்டான். நாங்கள் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்ததால் தாலுக்கா கச்சேரி உத்தியோகஸ்தர்கள் பேச்சு பாதி தெலுங்காகத்தான் இருக்கும்.

"ரெண்டுங்க" என்றேன்.

அவன் பக்கத்தில் முன்சீப் நின்றார். எங்கள் வீட்டு நெய்யில் தலைமுறையாகச் சாப்பிட்டவர். ஏழு என்று அவருக்குத் தெரியும், எது எப்போது ஈன்றது என்பது வரைக்கும் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆங், ரெண்டுதான். எழுதிக்கோ" என்றார்.

சாயங்காலம் விஷயம் கேட்டு நைனா என்னைக் கெட்டிக்காரி என்றார். அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து ஏழு மாட்டுக்கும் திருஷ்டி சுற்றிப் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்காரையே ஏமாற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் தெருவில் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரெல்லாம் குறைத்துச் சொன்னபோது, முன்சீப் தன் மாட்டை மட்டும் கூட்டி எழுதியிருந்தார். இருந்தது எட்டு, எழுதியது பன்னிரண்டு. அப்போது பிண்ணாக்கு கண்ட்ரோலில் இருந்தது. எத்தனை மாடோ அதற்குத் தக்கபடி பிண்ணாக்கு. பிறக்காத நாலு மாட்டின் பேரில் அவர் வீட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சிப்பாய்கள் கறிக்குப் பிடித்துப்போன மாடு என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட நான் கேள்விப்படவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த ஐப்பசியில் புயல் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஏரிக்கரை உடைத்துக்கொண்டது. காற்றுக்குப் பயந்து மாடுகளை வெளியே விடாமல் கொட்டகையிலேயே கட்டி வைத்திருந்தோம். தண்ணீர் வருகிறது என்ற கூச்சல் கேட்டு நானும் நைனாவும் ஓடினோம். மூன்று நாள் ஈரத்தில் கயிற்று முடிச்செல்லாம் ஊறி இறுகிப்போய்க் கிடந்தது. விரல் நகம் பெயர்ந்ததே தவிர ஒரு முடிச்சும் அவிழவில்லை. நைனா அரிவாளை எடுத்துவந்து அறுக்க ஆரம்பித்தார். முதலில் கறவைப் பசு செவலை, அவளுக்குப் பக்கத்தில் இன்னும் ஈனாத ஒரு கிடேரி. அந்த இரண்டையும் அறுத்து விரட்டினார். மூன்றாவது கயிற்றில் கை வைப்பதற்குள் மண்சுவர் சரிந்து, கூரையும் சேர்ந்து விழுந்தது. நான் அவர் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தேன். செவலையின் கன்று எப்படியோ உத்தரத்துக்கு அடியில் உயிரோடு கிடந்தது. அதற்குப் பின்னங்கால் ஒன்று போய்விட்டது. மற்ற ஐந்து மாடுகளும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கின.

மழை விட்டதும் தோல் உரிக்கிறவர்கள் வந்து ஐந்தையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அறுபடாத ஐந்து கயிறுகள் மட்டும் முளைக்குச்சிகளில் அப்படியே நின்றன. நைனா அவற்றை அவிழ்க்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தண்டோரா போட்டார்கள். மழையில் கால்நடை பறிகொடுத்தவர்களுக்குச் சர்க்கார் உதவிப்பணம் தரப்போகிறதாம். அம்மா அழுதுகொண்டே கை கூப்பினாள். ஐந்துக்கும் கிடைத்தால் இரண்டு கறவை வாங்கலாம், இருக்கிற செவலையோடு மூன்றாகும், ஓட்டல்காரர் தை பிறக்கும் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று நைனா கணக்குப் போட்டார். இல்லாவிட்டால் அரக்கோணம் ரயில் யார்டில் கரி அள்ளப் போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். மாட்டைத் தவிர வேறெதையும் தொட்டுப் பிழைக்காத மனிதர். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

மறுநாள் நைனாவோடு நானும் முன்சீப் வீட்டுக்குப் போனேன். அவர் ரிஜிஸ்தரைப் புரட்டி, விரலை ஓட்டி, எங்கள் பெயரில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உன் பேர்ல ரெண்டு மாடு. இப்ப உங்கிட்ட ரெண்டு மாடு உசுரோட நிக்குது. உனக்கு இன்னாய்யா நஷ்டம்?"

நைனாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஐயா, ஏழு இருந்தது ஊருக்கே தெரியுங்க. உங்களுக்கும் தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஆச்சா? சர்க்காருக்குத் தெரிய வாணாமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதானே கம்மியா சொல்லச் சொன்னீங்க? எங்க வூட்டு வாசல்ல நின்னு சொன்னீங்களே" என்றேன்.

"நானா? பாப்பா, நான் சர்க்கார் சம்பளம் வாங்கறவன். பாத்துச் சொல்லுங்கன்னு சொன்னேன். பாத்துச் சொல்லுங்கன்னா பொய் சொல்லுங்கன்னா அர்த்தம்? ரெண்டுன்னு நீதானே வாயைத் தொறந்து சொன்னே? நான் பக்கத்துலயே நின்னேனே."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தன் வீட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். அந்தச் சுண்ணாம்பு டப்பியை எடுத்து அவர் மூஞ்சியில் அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் வந்ததற்கு இத்தனை வயசாகியும் வருத்தப்படுகிறேன்.

நாங்கள் எழுந்தபோது குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். "இரு. வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேர்ல பாக்க வர்றாரு. அன்னிக்கு உன் கொட்டாயில மாடே இல்லன்னு வையி, ரிஜிஸ்தர்ல இருக்கிற ரெண்டும் போச்சுன்னு எழுதிடலாம். ரெண்டுக்காவது பணம் வரும். வந்தா என்னையும் கொஞ்சம் கவனிச்சுக்கோ."

நைனா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "செத்தத செத்துதுன்னா நம்ப மாட்டாங்களாம். உசுரோட இருக்கிறத செத்துதுன்னா நம்புவாங்களாம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு இஷ்டமே இல்லை. மாடு இருக்கும்போதே இல்லை என்று சொன்னால் அதுவும் போய்விடும் என்று அம்மா பயந்தாள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ரெண்டு என்று சொல்லிக் கெடுத்தவள் நான், அதைச் சரிசெய்கிறவளும் நானாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இரண்டு மாட்டுப் பணத்தில் ஒரு கறவை வாங்கினால்கூட நைனா கரி அள்ளப் போக வேண்டாம் என்று வாதாடினேன். கடைசியில் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் செவலையையும் கிடேரியையும் ஓட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். அங்கே எங்கள் அத்தை வீடு. கன்றால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பால் குடிக்கிற கன்று கணக்கிலேயே வராது என்று முன்சீப்பும் சொல்லியிருந்தார். அதனால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மாட்டுக்காரன் மகளாகப் பிறந்து, மாடுகளோடு பதினெட்டு வருஷம் வளர்ந்தவள் செய்த காரியத்தைப் பாருங்கள். கணக்கில் வராது என்றதும், கன்று என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனேன்.

அத்தை வீட்டுப் புளியமரத்தில் இரண்டையும் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டேன். காலையிலேயே வருகிறேன் என்ற இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கு மேல்தான் சைக்கிளில் வந்து இறங்கினார். கூடவே முன்சீப், பின்னால் வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி.

இன்ஸ்பெக்டர் கெட்டவராகத் தெரியவில்லை. விழுந்த சுவரைச் சுற்றி வந்து பார்த்தார். முளைக்குச்சிகளில் இருந்த கயிறுகளையும் பார்த்தார். "எத்தனை மாடு இருந்துச்சு?" என்று நைனாவைக் கேட்டார்.

"ஏழுங்க" என்றார் நைனா. அப்படிச் சொல்லப்போகிறார் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவில் முதல் தடவையாக உண்மையான எண்ணைச் சொன்னார்.

முன்சீப் இருமினார். "அவன் மனசு சரியில்லைங்க. ரிஜிஸ்தர்படி ரெண்டு. ரெண்டும் போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் கயிறுகளை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். ஐந்து என்று எண்ணியிருப்பார். எண்ணத் தெரியாதவரா என்ன? ஆனால் ஒன்றும் கேட்காமல், "பாவம்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

அப்போது மூலையில் கட்டியிருந்த கன்று கத்தியது. அதற்குப் பசி வேளை. ஒருமுறை கத்தி ஓய்வதற்குள் தெருக்கோடியிலிருந்து பதில் குரல் வந்தது. அது யார் குரல் என்று எனக்கும் நைனாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். கூட்டம் விலகி வழி விட்டது. அறுந்த கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, மடி கனத்து, பால் சொட்டச் சொட்டச் செவலை வந்தாள். அவள் பின்னாலேயே கிடேரியும் வந்தது. செவலை இன்ஸ்பெக்டரை உரசிக்கொண்டு நேராகக் கன்றிடம் போய் நின்றாள். கன்று நொண்டிக்கொண்டு எழுந்து முட்டிக் குடிக்க ஆரம்பித்தது.

கூட்டம் செவலையையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஓர் ஆள் சிரித்தார். முன்சீப்தான்.

"செத்த மாடு எழுந்து வந்துடுச்சுங்களே! எல்லாம் மலை மேல இருக்கிற முருகன் மகிமை!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. எங்களைப் போலவே குறைத்துச் சொல்லி, எங்களைப் போலவே பறிகொடுத்தவர்கள்தான் அவர்களும். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இப்படிச் செய்யச் சொன்ன ஆள் பக்கத்திலேயே நிற்கிறான் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பொய்க்காரி என்று ஆன பிறகு நான் எதைச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?

முன்சீப் அதோடு விட்டாரா? "மாடுதான் வந்துடுச்சே பாப்பா, ஐயா வெயில்ல வந்திருக்காரு. ஒரு டம்ளர் பால் கறந்து காய்ச்சிக் குடு" என்றார்.

கறந்தேன். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு, அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்து கறந்தேன். காய்ச்சி, சர்க்கரை போட்டு, இந்தக் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் நின்றபடியே குடித்தார். பால் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்தரில் தெலுங்கில் ஒரு வரி எழுதினார். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. முன்சீப்பே எட்டிப் பார்த்துப் படித்தார். நஷ்டம் இல்லை.

அவர்கள் போனதும் நான் கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு, விறகுக் கட்டையை எடுத்துச் செவலையை அடித்தேன். முதுகிலும் விலாவிலும் மாறி மாறி அடித்தேன். அந்த ஊரில் நான் அடிக்க முடிந்த ஒரே ஜீவன் அவள்தான். அவள் நகரவில்லை. கன்று குடித்துக்கொண்டிருந்தது. நைனா வந்து கட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

"அது வூட்டுக்கு வந்துச்சு. வேற எங்க போவும்?" என்றார்.

அடுத்த மாதம் உதவிப்பணம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் கிடைக்கவில்லை. முன்சீப் வீட்டுக்குக் கிடைத்தது. ரிஜிஸ்தரில் பன்னிரண்டு, கொட்டகையில் எட்டு, ஆகவே புயலில் போனது நாலு. அவர் கொட்டகையில் ஓர் ஓலைகூடப் பறக்கவில்லை. பிறக்காத மாடு பிண்ணாக்கும் தின்றது, செத்தும் போயிற்று, அதற்கு நஷ்ட ஈடும் வாங்கியது. உண்மையாகப் பிறந்து, ஈன்று, கறந்து, எங்கள் கண்ணெதிரே செத்த ஐந்துக்கும் ஒரு வரிகூடக் கிடையாது.

ஓட்டல்காரர் வேறு ஆளிடம் பால் வாங்க ஆரம்பித்தார். வைக்கோல் போரை ஏரித்தண்ணீர் கொண்டுபோயிருந்தது. நைனா முதலில் கிடேரியைப் பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த ஒருவருக்கு விற்றார். பிறகு செவலையைக் கேட்டு முன்சீப்பே ஆள் அனுப்பினார். கையில் புதுப்பணம் இருந்த ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். விற்கக் கூடாது என்று நான் கத்தினேன். நைனா, "தீனிக்கு இன்னா பண்ணுவே?" என்று திருப்பிக் கேட்டார். முன்சீப் மாட்டுக்கு மட்டும் விலை பேசினார். நொண்டிக் கன்றுக்குத் தனியாகக் காசு தர முடியாது, பிண்ணாக்கு வைத்தால் மாடு தானாகச் சுரக்கும் என்றார். செவலையை அவருடைய ஆள் ஓட்டிப்போன மறுநாள் நைனா அரக்கோணத்துக்குப் போனார். வாரம் ஒருமுறை வருவார். கழுத்து மடிப்பில் இருந்த கரி எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

செவலை வந்தாள். முன்சீப் வீட்டு மாடுகளும் ஏரிப்பக்கம்தான் மேயும். மூன்று மணி ஆனால் மந்தையிலிருந்து பிரிந்து நேராக எங்கள் கொல்லைக்கு வந்துவிடுவாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் என் கை விறகுக் கட்டையைத் தேடவில்லை. கன்றை அவிழ்த்துவிட்டேன். கடைசிச் சொட்டு வரை அது குடித்து, வாயில் நுரையோடு விலகும் வரை பக்கத்திலேயே நின்றேன். அதற்கப்புறம் செவலையைக் கயிற்றைப் பிடித்து மரியாதையாக முன்சீப் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

பத்து நாள் கழித்து முன்சீப் எங்கள் வாசலுக்கு வந்தார். "பாப்பா, என் மாடு மடி காலியா வருது. எத்தினி படி கறந்தே, நெஜத்தச் சொல்லு."

"நான் ஒரு சொட்டும் கறக்கலீங்க" என்றேன். அது உண்மை. "கன்னு குடிச்சிருக்கும். அதத்தான் கணக்குல வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

அவர் கன்றைப் பார்த்தார். மூன்று காலில் நின்றாலும் முதுகு மினுமினுக்க வளர்ந்திருந்தது. கன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், நல்ல விலையும் சொன்னார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் செவலையை மேய்ச்சலுக்கு அனுப்பாமல் கட்டியே வைத்தார். மூன்று மணி ஆனால் தெருவின் அந்தக் கோடியில் அவள் கத்துவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இந்தப் பக்கம் கன்று பதிலுக்குக் கத்தும். புயலுக்குப் பிறகு சர்க்கார் கொடுத்த பணத்தில்தான் முன்சீப் செவலையை வாங்கியிருந்தார். அந்த உதவியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பத்து நாள் பால் மட்டும்தான். அதையும் நாங்கள் குடிக்கவில்லை.